குழலக்கா சாப்பிடாத கிழமைகள்

1936 ஜூன் 1, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. புது வாத்தியார் என் பெயரைப் படித்துவிட்டு மூக்கைத் தடவினார். நாறும்பூநாதன். நாறும் பூ என்றால் மணக்கும் பூ என்று எழுந்து நின்று அர்த்தம் சொன்னேன். "உக்காருலே, மணக்குது" என்றார். வகுப்பே சிரித்தது. பரவாயில்லை, ஆள் தேறுவார். அவர் குடைக்குள் தவளை வைக்கும் காரியத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

இது அப்பா, தான் வேலை பார்க்கிற தாலுகா கச்சேரியிலிருந்து கொண்டுவந்த பழைய நோட்டு. முதல் நாலு பக்கத்தை யாரோ எழுதிக் கிழித்திருக்கிறார்கள். மீதி எனக்கு. பதினைந்து வயதில் நாட்குறிப்பு எழுதுகிறவன் பெரிய மனுஷன் ஆவான் என்கிறான் என் கூட்டாளி காஜா. அவன் எழுதுவதில்லை.

குழலக்கா வந்து இன்றோடு பத்து நாள். முழுப் பெயர் குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்பாள் பெயர். வடகரையில் கட்டிக்கொடுத்தது. பிள்ளை கார்த்திகையில் இங்கே, தென்காசியில்தான் பிறந்தான். மந்திரமூர்த்தி என்று பெயர் வைத்தார்கள். நான் மந்திரி என்று கூப்பிட்டேன். மாசியில் வடகரைக்குக் கொண்டுபோனார்கள். பங்குனி கடைசியில் போய்விட்டான். நோய் நொடி ஒன்றும் இல்லை. ஐந்து மாதம்.

அன்றைக்கு அக்கா வந்த வண்டி வாசலில் நின்றதும், "தூங்குமூஞ்சி வந்தாச்சு!" என்று கத்தினேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவேன்; உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவள். முன்பெல்லாம் துரத்திக்கொண்டு வந்து குட்டுவாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

இன்றைக்குச் சோமவாரம். அக்கா சாப்பிடவில்லை.

ஜூன் 5, வெள்ளி

வெள்ளிக்கிழமை விரதம். அடுத்த வீட்டு முப்பிடாதி அத்தை வந்து அம்மாவிடம், "ஆவுடைத்தாயி, நீ குடுத்து வச்சவ. இந்தக் காலத்துல எந்தப் பிள்ள இப்பிடி விரதம் இருக்கு? ஒம் மக மொகத்துல என்ன களை பாத்தியா?" என்றாள். களை அம்மாவின் முகத்தில்தான் வந்தது. அக்கா முகத்தில் எனக்குக் கன்னத்து எலும்புதான் தெரிந்தது.

ரதம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிளம்பும். எங்கள் வீட்டில் விரதம் தினமும் கிளம்புகிறது.

ஜூன் 10, புதன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். திங்கள் சிவனுக்கு. செவ்வாய் அம்பாளுக்கு. வியாழன் குருவுக்கு. வெள்ளி கேட்கவே வேண்டாம். சனி சனீசுவரனுக்கு. நடுவில் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், அமாவாசை. மிச்சம் இருப்பது புதனும் ஞாயிறும். புதனன்று "வயிறு சரியில்ல." ஞாயிறன்று "அப்பறம் சாப்பிடுதேன்."

இதை அழகாகக் கட்டம் போட்டு எழுதி, 'திருப்பட்டினிப் பஞ்சாங்கம்' என்று தலைப்பிட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அம்மா கரண்டியால் முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா வந்து முழுக்கப் படித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்ப்பது மாதிரியே பார்த்துவிட்டுப் போனாள். குட்டுவாள் என்று தலையைக் கூடக் குனிந்து வைத்திருந்தேன்.

காஜாவிடம் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால், "எங்க நோம்புக்கும் பொழுது சாஞ்சா தெறப்போம்லே. ஒங்க அக்கா எப்பதான் தெறப்பா?" என்றான்.

என் பஞ்சாங்கத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

சாரல் விழுந்துவிட்டது. அக்கா ஞாயிறும் சாப்பிடவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். அம்மா, அக்கா, முப்பிடாதி அத்தை, நான், தொற்றிக்கொண்ட காஜா. அருவியில் நின்றால் தலைச் சூடு இறங்கும், சித்தப் பிரமையே தெளியும் என்று அத்தைதான் கிளப்பிவிட்டாள்.

நானும் காஜாவும் ஆம்பிளைகள் பக்கம் பாசிப் பாறையில் சறுக்கினோம். எனக்கு முழங்கால் கிழிந்தது. அதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு வந்தால், பெண்கள் பக்கம் ஒரே கூச்சல்.

தண்ணீர் தடிதடியாக விழுகிற இடத்துக்குள் அக்கா போய் நின்றிருக்கிறாள். பலசாலிகளே அங்கே ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டார்கள். அம்மா கூப்பிடக் கூப்பிட வரவில்லை. கடைசியில் இரண்டு பெண்கள் போய் இழுத்து வந்திருக்கிறார்கள். உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது. "அம்பாளே எறங்கிட்டா!" என்று அத்தை கும்பிட்டாள். நான் அக்காவின் கண்ணைப் பார்த்தேன். அதற்குள் யாரும் இறங்கியிருக்கவில்லை. இருந்தவளும் எங்கோ போயிருந்தாள்.

வண்டியில் திரும்பும்போதுதான் அவள் குதிகாலைப் பார்த்தேன். பெரிய புண். ஈ மொய்த்தது. அவள் விரட்டவில்லை.

"என்னக்கா இது?"

"முள்ளு."

"எப்ப குத்துச்சு?"

"வடகரையில."

அப்படியென்றால் ஒரு மாதம். வாடை அடித்தது. என் பெயரை வைத்து ஒரு சிலேடை வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

அக்காவை ஒளிந்திருந்து பார்க்கிறேன். தவளை வைக்கிற நேரத்தையெல்லாம் இதற்குச் செலவழிக்கிறேன்.

தலை வாருவதில்லை. எண்ணெய் இல்லை. சும்மா இருக்கும்போது விரல் தானாகப் போய் முடியைப் பிடுங்குகிறது. நெற்றி ஓரத்தில் ஒரு காசு அகலத்துக்குச் சொட்டை. கஞ்சி வடிக்கையில் கையில் கொட்டிக்கொண்டது இந்த மாதம் மூன்று தடவை. ஒரு தடவை தவறும். மூன்று தடவையுமா? மழை பெய்தால் உள்ளே வருவதில்லை. காலில் மருந்து வைக்க விடுவதில்லை.

இதில் விரதத்துக்கு மட்டும்தான் பெயர் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் பெயர் இல்லை. ஆனால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே ஜாடை.

அம்மாவிடம் சொன்னேன். "சாமி காரியத்தக் குத்தம் சொல்லாதலே, நாக்கு அழுகிரும்" என்றாள். நாக்கு இருக்கட்டும், அழுகுவது கால்.

ஜூன் 25, வியாழன்

அருவியில் நடந்ததற்கு அப்புறம் அம்மாவுக்கும் உள்ளூரப் பயம்தான். இன்று அதைப் பிடித்துக்கொண்டேன். "விரதத்த முடிக்கலாமா வேண்டாமான்னு அம்பாளையே கேட்டுருவோம்மா. பூக்கட்டிப் பாப்போம்" என்றேன்.

எங்கள் வீட்டில் எதற்கும் இதுதான். இரண்டு இலைத் துண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. பொட்டலமாகக் கட்டி அம்பாள் படத்துக்கு முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அக்கா கல்யாணமே அப்படி முடிவானதுதான்.

அம்மா சரி என்றாள். அக்காவும் மறுக்கவில்லை. அம்பாள் சொன்னால் மீற மாட்டாள்.

பொட்டலம் கட்டப் போவது யார்? அடியேன்.

ஜூன் 26, வெள்ளி

இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டை வைத்தேன்.

அத்தையின் மகள் பேராச்சிக்கு நாலு வயது. ஓடிவந்து ஒன்றை எடுத்தாள். மற்றதை யாரும் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பில் சொருகிக்கொண்டேன். அம்மா குலவை போட்டாள். அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். அப்புறம் இலை போடச் சொல்லி, பருப்புச் சோறு ஐந்து வாய் தின்றாள். எண்ணினேன். ஐந்து.

நான் செய்த குறும்புகளிலேயே இதுதான் பெரிது. அம்பாள் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 30, செவ்வாய்

சாப்பிடுகிறாள். நாலு நாளாக, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரிச் சாப்பிடுகிறாள்.

கையில் புதிதாகக் கீறல்கள். முள்வேலி கிழித்தது என்றாள். எங்கள் புறவாசலில் முள்வேலி கிடையாது.

ஜூலை 1, புதன்

இன்று சாயங்காலம் கிணற்றடியில் அந்தக் கீறலைப் பற்றிக் கேட்டே விட்டேன். வாளியில் தண்ணீர் இறைத்து எடுத்தாள். அப்புறம் சொன்னாள்: "அம்பாளே திங்கச் சொல்லிட்டா. திங்கேன். ஆனா ஒரு வா உள்ள போனதும், நீ எப்பிடிட்டி திங்கலாம்னு உள்ள ஒண்ணு கேக்குதுலே. ஏதாவது செஞ்சாத்தான் அது அடங்குது."

நான் ஒரு மடையை அடைத்தேன். தண்ணீர் வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. விரதம் இல்லை இது. விரதத்தை நிறுத்தி ஒன்றும் ஆகாது.

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் — ஏன் சொன்னேன்? — "அம்பாள் ஒண்ணும் சொல்லலக்கா. நாந்தான் ரெண்டுலயும் வெள்ளப் பூ வச்சேன்" என்று உளறிவிட்டேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவ சொல்லலயா?"

நான் கிணற்றுக்குள் பார்த்தேன்.

"மன்னிச்சிட்டான்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். யார், எதற்கு மன்னிக்க வேண்டும்? கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 2, வியாழன்

அக்கா சாப்பிடவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்கிறாள்.

ஜூலை 4, சனி

காலையில் புறவாசலில் விழுந்து கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அப்பா கச்சேரிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு, வண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் காலைக் கீறிச் சீழ் எடுத்தார். கட்டுப் போட்டது நர்ஸம்மா சுகிர்தம். இலத்தூர்க்காரி, கட்டைக் குரல்.

புண்ணைப் பார்த்துவிட்டு, "எத்தன நாளாச்சு?" என்று கேட்டாள். அம்மா, "விரதத்துல இருக்கா, அதுல இதக் கவனிக்கல" என்றாள்.

"விரதம் வயித்துக்கா, காலுக்கா?"

அந்த அம்மாளை எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று.

மருந்து போட்டபோது நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கலயா?"

"வலிக்கட்டும்."

நர்ஸம்மாவின் கை நின்றது. "கேட்டீங்களாம்மா?" என்று அம்மாவைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு நேரே உட்கார்ந்தாள். பேதி உண்டா, வாந்தி உண்டா என்று கேட்கிற அதே குரலில், "சாகணும்னு தோணுதா ஒனக்கு?" என்றாள்.

"ஐயோ, என்ன வார்த்த கேக்கிய?" என்று அம்மா பதறினாள்.

"கேட்டதுனால வந்துராதும்மா. கேக்காட்டாத்தான் உள்ளயே கெடக்கும்."

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சாகணும்னு இல்ல. நான் நல்லா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அப்புறம் கேட்காமலே சொன்னாள். "மத்தியானம் பால் குடுத்துட்டு அவன் பக்கத்துலயே படுத்தேன். தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா... நான் தூங்கிட்டேன் நர்ஸம்மா."

"முழிச்சிருந்த தாய் மடியிலயே போன பிள்ளைகள நான் பாத்திருக்கேன்" என்றாள் நர்ஸம்மா. அக்கா நம்பின மாதிரித் தெரியவில்லை. "இப்ப நம்ப வேண்டாம். தெனம் கட்டு மாத்தணும், வா. தெனம் சொல்லுதேன்."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. தூங்கிட்டேன். தூங்கிட்டேன். — வண்டி வந்து நின்னதும் வாசல்ல நின்னுக்கிட்டு தூங்குமூஞ்சி வந்தாச்சுன்னு கத்துனது யாரு?

நாந்தான்.

ஜூலை 5, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

வகுப்பில் யாரோ கரும்பலகையில் வாத்தியார் மூக்கை வரைந்துவிட்டார்கள். நான் இல்லை. "எவம்லே?" என்று கேட்டதும் எழுந்து கையை நீட்டினேன். ஆறு அடி. காஜா என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

மூன்று நாளாக நானும் சரியாகச் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் அக்கா பக்கம். முழங்கால் காய்ந்து வந்தது, பொருக்கைப் பிய்த்துவிட்டேன். மறுபடி வந்தது. மறுபடி பிய்த்தேன்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். பசியில் ஒரு நிம்மதி இருக்கிறது. அடி விழுந்தபோதும் இருந்தது. ஏதோ சரிக்குச் சரி ஆகிக்கொண்டிருக்கிற மாதிரி. அதுதான் பயமாக இருக்கிறது. அக்காவும் இப்படித்தான் உள்ளே போயிருப்பாளோ? வாசல் இவ்வளவு சுலபமாகவா திறந்து கிடக்கிறது?

ஜூலை 8, புதன்

அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருக்கிறது. கஞ்சி அப்படியே இருந்தது. கட்டு மாற்ற இன்றைக்கும் வர மாட்டேன் என்றிருக்கிறாள்.

"ஏலே, இங்கன வா. மொழங்காலக் காட்டு."

"ஒண்ணுமில்ல."

இழுத்து வைத்துப் பார்த்தாள். "ஏன்லே இப்பிடிப் பிச்சு வச்சிருக்க? வலிக்காதா?"

"வலிக்கட்டும்."

யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. அக்கா நிமிர்ந்தாள். வந்த நாளிலிருந்து என்னை அவள் பார்த்தது அப்போதுதான்.

"ஏன்?"

"தூங்குமூஞ்சின்னு கத்துனேம்லா. நீ வந்த அன்னைக்கி."

முழங்காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பிறகு, "கோட்டிக்காரப் பயலே. நீ என்னத்தத் தெரிஞ்சு சொன்ன? என்னச் சிரிக்க வைக்கச் சொன்ன. அதுக்குப் போயி ஒன்ன நீயே இப்பிடி..."

அதோடு நின்றுவிட்டாள். பாதியில் நின்ற அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சுடுதண்ணீர் கேட்டாள். என் முழங்காலைக் கழுவினாள். எரிந்தது. "எரியுதுக்கா" என்று சொன்னேன். "எரியும். சொல்லு" என்றாள்.

"நான் நாளைக்கி நர்ஸம்மாட்ட வாரேன், நீயும் வந்தா" என்றேன். "நீ கஞ்சி குடிச்சா நானும் குடிப்பேன்."

"இதுவும் தந்திரமாலே?"

"இல்லக்கா. எனக்குப் பயமா இருக்கு."

பாதிக் கும்பா குடித்தாள். மீதியை நான் குடித்தேன். உப்பே இல்லை.

ஜூலை 13, திங்கள்

தினமும் இரண்டு நொண்டிகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். என் முழங்காலுக்கு இனிக் கட்டே தேவையில்லை. நர்ஸம்மா அதைச் சொல்லாமல் கட்டிவிடுகிறாள்.

தினமும் அக்காவிடம் ஒரே வாக்கியம்தான்: "ஒன் தூக்கத்துனால இல்ல." அக்கா தினமும் தலையைக் குனிந்துகொள்கிறாள். உள்ளே அந்தக் குரல் கேட்டால் வேறொன்றும் செய்யாமல் தம்பியையோ அம்மாவையோ கூப்பிட வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறாள். நேற்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. தாயக்கட்டம் போட்டோம். தோற்றேன். நிஜமாகவே தோற்றேன்.

அம்மா அடுக்களையில் கத்தி, அரிவாள்மணை எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்திருக்கிறாள். கஞ்சியும் அவளே வடிக்கிறாள். முப்பிடாதி அத்தை வந்து, "விரதம் நின்னுபோச்சாமே?" என்று இழுத்தபோது, "அது விரதம் இல்ல மதினி, வருத்தம்" என்றாள். சிலேடை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஜூலை 19, ஞாயிறு

வடகரையிலிருந்து அருமைநாயகம் அத்தான் வந்தார். அடையாளமே தெரியவில்லை. தாடி. கால் நிறையச் சேற்றுப் புண். செருப்புப் போட்டே மூன்று மாதமாம். அக்காவிடம் நேரே பேச வராமல் என்னிடம் சொல்வது மாதிரிச் சொன்னார்: "அவ தூங்கவாவது வீட்ல இருந்தா மாப்ள. நான் வயல்ல இருந்தேன். ஆளு வந்து கூப்பிட்டப்பக் கூட, இந்த வரப்ப முடிச்சிட்டு வாரேன்னு சொன்னேன்."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தாள். அவர் காலைப் பார்த்தாள்.

நாளையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று நொண்டிகள்.

ஆகஸ்ட் 12, புதன்

நாலைந்து நாள் நன்றாக இருந்தாள். நேற்றுக் கையில் மறுபடி கீறல். ஆனால் ஒளிக்கவில்லை. அவளே அம்மாவிடம் நீட்டிக் காட்டினாள். அம்மா திட்டவில்லை; மஞ்சள் பூசினாள். பூசிக்கொண்டே இரண்டு பேரும் அழுதார்கள். மந்திரி பெயரைச் சொல்லி அழுதார்கள். எங்கள் வீட்டில் அவன் பெயர் கேட்டு எத்தனை நாள்.

நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 31, திங்கள்

வாத்தியார் குடைக்குள் ஒருவழியாகத் தவளை ஏறிவிட்டது. அவர் விரித்தார், அது குதித்தது, அவரும் குதித்தார். இந்தத் தடவை நான்தான். நாலு அடி. வலித்தது, கையை உதறிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேனருவிக்கு ஏறலாம், மேலிருந்து தடாகத்தில் குதிக்கலாம் என்று காஜா சொல்கிறான். அம்மாவிடம் கேட்டேன். அம்மா வாயைத் திறப்பதற்குள், "அம்பாளக் கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம்" என்றாள் அக்கா அடுக்களையிலிருந்து. அவளே கட்டி எடுத்து வந்து படத்துக்கு முன்னால் போட்டாள். தலை வாரியிருந்தாள். நெற்றிச் சொட்டையில் கொஞ்சம் முடி துளிர்த்திருக்கிறது.

பேராச்சி ஓடிவந்து எடுத்தாள். பிரித்தால் சிவப்பு அரளி. கூடாது.

"அம்பாள் சொன்னா சொன்னதுதாம்லே" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, தோசையைப் பிய்த்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள் அக்கா.

எனக்குச் சந்தேகம். பாய்ந்து மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அதுவும் சிவப்பு.

"ஏட்டி!" என்று கத்திவிட்டேன், அக்கா என்பதையும் மறந்து. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். வாயில் இருந்த தோசை புரையேறி இருமி, தலையில் தானே தட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள்.

தேனருவிக்குப் போகவில்லை. போகட்டும்.

திங்கட்கிழமை. மூன்று தோசை.